சீமித் தீவின் கோடை

கோடைக்காலத்துக் காலைப்பொழுதில் ரோட்ஸ் தீவின் துறைமுகத்திலிருந்து பயணக் கப்பல்கள் சில வடமேற்குத் திசை நோக்கிப் புறப்படும். ரோட்ஸ் என்பது கிரேக்க நாட்டின் தென்கிழக்கு எல்லையில், ஏஜியன் கடலில் அமைந்த பெருந்தீவு. அக்கப்பல்களில் ஏறுவோர் இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி முதலிய பல நாட்டினர். ஆண்டு முழுதும் தத்தம் ஊரில் அலுவல் புரிந்து, விடுமுறையை வெயிலும் கடலும் உள்ள நாட்டில் கழிக்க வந்தோர். அவர்கள் நாடிச் செல்லும் இடம் சீமி என்னும் சிறு தீவு.

சீமியின் பரப்பு ஏறத்தாழ 58 சதுர கிலோமீட்டர். அதில் வாழும் மக்கள் ஏறத்தாழ 2,500 பேர். ரோட்ஸிலிருந்து அதன் தொலைவு 40 கிலோமீட்டர் அளவினது. துருக்கி நாட்டுக் கரையோ அதற்கு மிகவும் அணித்து. தெளிந்த நாளில் அக்கரையின் மலைமுகடுகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளனபோல் தோன்றும். வானூர்தி நிலையம் அத்தீவில் இல்லை. செல்வோர்க்கும் மீள்வோர்க்கும் கடல் ஒன்றே வழி.

கப்பல் அணுகுங்கால் முதலில் தெரிவது வறண்ட கற்குன்றுகளே. வீடில்லை, வயலில்லை, ஆற்றுமுகம் இல்லை. இத்தகைய பாலையைக் காணவோ இத்துணைப் பொருள் செலவிட்டு வந்தோம் என்று புதியவர் சிலர் எண்ணவும் கூடும். அந்நிலையில் கப்பல் ஒரு முனையைச் சுற்றித் திரும்புகிறது. உடனே மலைகளுக்கிடையே ஒடுங்கிய ஆழமான துறை ஒன்று கண்முன் விரிகிறது. துறையின் இருமருங்கிலும் நீர்விளிம்பு தொடங்கி மலைச்சரிவின் மேற்பகுதிவரை வீடுகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. மஞ்சள், நீலம், செங்காவி, வெண்மை எனப் பல வண்ணம் தீட்டிய வீடுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் கிரேக்கக் கோயில்களில் உள்ளதுபோன்ற முக்கோண முகடு. கப்பலில் இருப்போர் எல்லாரும் ஒருபுறமாகத் திரண்டு நின்று படம் எடுக்கத் தொடங்குவர். ஏஜியன் கடலின் அழகிய துறைகளுள் இதுவும் ஒன்று எனப் பலரும் புகழ்வர், அப்புகழ் மிகையன்று.

ஆயினும், ஆறும் இல்லை, விளைநிலமும் மிகக் குறைவு, பொன்னும் மணியும் விளையும் சுரங்கமும் இல்லை என்னும் கற்றீவில் இத்தகைய மாடங்களை எழுப்பியவர் யாவர்? அதற்குரிய செல்வம் எங்கிருந்து வந்தது? படம் எடுப்போருள் இதனை வினவுவோர் சிலரே.

அச்செல்வம் கடலின் அடியிலிருந்து வந்தது. மூச்சை அடக்கிக் கடலுள் மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்தவர்கள் ஈட்டியது அது.

கடற்பஞ்சு என்பது செடியன்று. ஓரிடத்தில் ஒட்டி வாழும் உயிரினம். கடலடிப் பாறைகளில் பற்றி, நீரை உடலின் துளைகள் வழியே ஈர்த்து, அதிலுள்ள நுண்பொருள்களை உண்டு வாழ்வது. பண்டைக் கிரேக்க அறிஞராகிய அரிஸ்டாட்டில் உயிரினங்களைப் பற்றி எழுதிய நூலிலேயே இதனைக் குறித்துள்ளார். உயிருள்ளபோது கருந்தோல் போர்த்து வழுவழுப்பாக இருக்கும் அதனைப் படகின் தளத்தில் இட்டு மிதித்து, உள்ளிருக்கும் சாற்றை வெளியேற்றி, கயிற்றில் கோத்துக் கடல்நீரில் பலமுறை அலசி உலர்த்தினால், மென்மையான பஞ்சு போன்ற உடற்கூடு எஞ்சும். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அதன் இயல்பினால் குளிப்பதற்கும் துடைப்பதற்கும் மருத்துவ மனைகளில் பயன்படுத்துவதற்கும் ஐரோப்பிய நகரங்களில் அதனை விரும்பி வாங்கினர். 1522-ஆம் ஆண்டில் ரோட்ஸ் தீவு துருக்கியர் வசமான பின்னர், சீமியினர் சுல்தானுக்குக் கடற்பஞ்சைத் திறையாகச் செலுத்தித் தம் ஊராட்சியைத் தாமே நடத்தும் உரிமையைப் பெற்றனர் என்பது அத்தீவில் வழங்கும் மரபுச் செய்தி.

கடற்பஞ்சு எடுக்கும் முறை எளிது; ஆனால் கொடிது. படகில் இருப்பவர் அடியில் கண்ணாடி பொருத்திய குழல் ஒன்றை நீரில் அழுத்தி, அதன் வழியே கடலடியை நோக்குவார். பஞ்சு தென்பட்டவுடன் மூழ்குபவர் தட்டையாகச் செதுக்கிய ஒரு கனத்த கல்லை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, தலைகீழாகக் கடலில் பாய்வார். கல்லின் எடை அவரைக் கீழே கொண்டு செல்லும். அக்கல்லைச் சாய்த்துச் சாய்த்துத் தாம் செல்லும் திசையையும் மாற்றிக்கொள்வார். கல்லிற் கட்டிய கயிற்றின் மறுமுனை படகில் உள்ள துணைவர் கையில் இருக்கும். பஞ்சை அறுத்துப் பையில் இட்டபின் கயிற்றை அசைத்தால் துணைவர் மேலே இழுப்பார். மூச்சு ஒன்று, அதற்குள் இத்தனையும் நிகழ வேண்டும். தமிழ்நாட்டின் தென்கடலில் முத்துக் குளித்தோரும் கல்லின் துணைகொண்டே கடலுள் இறங்கினர். ஆயின் அவர்கள் கல்லின் மேற்பகுதியிலுள்ள கயிற்று வளையத்தில் கால் வைத்து நின்றவாறு இறங்குவர். சீமியினர் கல்லை முன்நீட்டித் தலைகீழாக இறங்குவர். ஒன்றையொன்று கண்டிராத இரு கடற்குடிகள் ஒரு கருவியையே கையாண்டது எண்ணத்தக்கது.

1913-ஆம் ஆண்டில் கார்ப்பத்தோஸ் தீவின் அருகே ரெஜினா மார்கெரிட்டா என்னும் இத்தாலியப் போர்க்கப்பல் தன் நங்கூரத்தை இழந்தது. அது கிடந்த ஆழம் ஏறத்தாழ 80 மீட்டர். சீமித் தீவினரான ஸ்தாதிஸ் ஹாட்ஸிஸ் என்பவர் அதனைத் தேடி எடுத்துத் தருவதாக முன்வந்தார். கப்பலின் மருத்துவர்கள் அவரை ஆராய்ந்து பார்த்தனர். மெலிந்த உடல், நுரையீரலில் நோய்க்குறி, செவிப்பறையில் பழுது. கரையில் மூச்சடக்கச் சொன்னபோது ஒரு நிமிடம்கூட அவர் அடக்கவில்லை. இவரால் என்ன ஆகும் என்று மருத்துவர்கள் ஐயுற்றனர். அவரோ கல்லைப் பற்றிக்கொண்டு பன்முறை கடலுள் இறங்கி, நங்கூரத்தைக் கண்டு, கயிறு பிணித்து மீண்டார்! மருத்துவ நூல் அன்று அறிந்திருந்ததினும் மிகுதியாக அம்மனிதரின் உடல் அறிந்திருந்தது.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னர், 1900-ஆம் ஆண்டில், சீமிப் படகு ஒன்று இதனினும் பெரிய செயலுக்குக் காரணமாயிற்று. கடற்பஞ்சு எடுப்போரின் தலைவரான திமித்ரியோஸ் கோந்தோஸ் என்பவர் தம் ஆட்களோடு செல்லும் வழியில் புயலுக்கு அஞ்சி, ஆன்ட்டிகித்தேரா என்னும் சிறு தீவின் ஓரத்தில் தங்கினார். காற்று தணிந்தபின் அங்கேயே மூழ்கிப் பார்ப்போம் எனக் கருதி, எலியாஸ் ஸ்தாதியாதிஸ் என்பவரைக் கடலுள் இறக்கினர். இறங்கிய சிறிது நேரத்தில் அவர் அச்சத்தோடு மேலே வந்து, கீழே மனிதரும் குதிரைகளும் அழுகிய பிணங்களாய்க் கிடக்கின்றனர் என்று உரைத்தார். தலைவர் தாமே இறங்கினார். திரும்புகையில் அவர் கையில் வெண்கலக் கை ஒன்று இருந்தது. பிணங்கள் எனத் தோன்றியவை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் மூழ்கிய ஒரு கப்பலின் சிலைகள்.

கிரேக்க அரசின் துணையோடு சீமியினர் அப்பொருள்களை 1901-ஆம் ஆண்டு வரை மேலே எடுத்தனர். அவற்றோடு வந்த அரித்துப்போன வெண்கலக் கட்டி ஒன்றில் பற்சக்கரம் இருப்பதை 1902-இல் வலேரியோஸ் ஸ்தாயிஸ் என்னும் தொல்பொருளறிஞர் கண்டார். கதிரவன், திங்கள் ஆகியவற்றின் இயக்கத்தையும் கோள்மறைவுகள் நிகழும் காலத்தையும் கணித்துக் காட்டும் பொறி அது எனப் பிற்கால ஆராய்ச்சி தெளிவுறுத்தியது. அதன் சக்கரங்களுள் 30 இன்றும் எஞ்சியுள்ளன. ஏதென்ஸ் நகரத்துத் தேசியத் தொல்பொருட் காட்சிசாலையில் அதனைக் காண உலகெங்குமிருந்தும் மக்கள் வருகின்றனர். அப்பொருள்களை எடுக்கும் பணியில் மூழ்கியோருள் ஒருவர் இறந்தார். இருவர் கை கால் முடங்கினர். காட்சிசாலையில் பொறியைக் கண்டு வியப்போர் அம்மூவரையும் நினைப்பது அரிது.

அவர்கள் முடங்கியதற்குக் காரணம் மூச்சடக்கியது அன்று, மூச்சு விட்டதே! 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்குவோர்க்கெனப் புதிய உடை ஒன்று இத்தீவுகளுக்கு வந்தது. செம்பாலும் பித்தளையாலும் ஆன தலைக்கவசமும், நீர் புகாத அங்கியும், ஈயம் வைத்த காலணியும் கொண்டது அது. படகில் உள்ள பொறி குழாய் வழியே காற்றை அனுப்பும். முதன்முதலில் அவ்வுடையைக் கண்டு மக்கள் அஞ்சியபோது, அதனைக் கொணர்ந்தவரின் மனைவியே அதனை அணிந்து சீமித் துறையில் மூழ்கிக் காட்டினார் என்று அத்தீவினர் சொல்லுவர். அம்மையாரின் துணிவு பெரிதே. ஆனால் துறையின் ஆழம் சிறிது.

ஒரு மூச்சளவு தங்கியவர் இப்பொழுது நெடுநேரம் கடலடியில் நடந்தார். பஞ்சு குவிந்தது, வணிகர் செல்வராயினர், மலைச்சரிவில் மாடங்கள் எழுந்தன. ஆயின் ஆழத்தில் நெடுநேரம் அழுத்தமான காற்றை உட்கொள்பவரின் குருதியில் அக்காற்றிலுள்ள நைட்ரசன் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியில் குமிழிகள் எழுவதுபோல, அந்த நைட்ரசன் உடலினுள் குமிழியாக வெளிப்பட்டு நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும். இவ்வுண்மையைப் பால் பேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878-இல் விளக்கினார். படிப்படியாக நின்று நின்று மேலேறினால் இத்தீங்கு குறையும் என்பதை ஹால்டேன் என்னும் பிரிட்டானிய அறிஞர் 1908-இல் கணக்கிட்டு அட்டவணையாக வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞர் அறிந்தது ஏஜியன் கடற்படகுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வந்தபின்னரும் அதனைப் பின்பற்றப் பொறுமை இருந்ததில்லை. ஏனெனில் மூழ்குவோர் பருவத்தின் தொடக்கத்திலேயே முன்பணம் பெற்றுக் குடும்பத்தார் கையில் தந்துவிட்டுப் புறப்பட்டவர்கள். பெற்ற பணத்துக்குப் பஞ்சு கொடுத்தாக வேண்டும்.

ஆகவே ஒவ்வோராண்டும் ஈஸ்டர் பெருநாள் கழிந்தவுடன் படகுகள் புறப்பட்டுவிடும். எகிப்து, லிபியா, துனிசியா ஆகிய நாடுகளின் கரையோரம் கோடை முழுதும் திரிந்து, கூதிர்க்காலத்தில் அவை மீளும். அத்தனை மாதமும் தீவில் இருப்போர் பெண்டிரும் முதியோரும் சிறுவருமே. எந்தப் படகில் எவர் திரும்புவார், எவர் தடியூன்றித் திரும்புவார், எவருடைய துணி மூட்டை மட்டும் திரும்பும் என்பது படகு முனையைச் சுற்றித் துறைக்குள் வரும்வரை எவர்க்கும் தெரியாது. இன்று கப்பலில் வருவோர் படம் எடுக்கும் அதே முனைதான் அது. அன்று சீமியில் கோடை வெறுமையின் காலம். கவலையின் காலமும் அதுவே. மழைக்காலம் வந்தால்தான் ஊர் நிறையும், மணவினைகள் நிகழும், கணக்குத் தீரும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தீவின் மக்கள்தொகை 20,000-க்கு மேற்பட்டிருந்தது என்பர். 1912-இல் இத்தாலியர் அத்தீவைக் கைக்கொண்டனர். எதிர்க்கரையோடு இருந்த பழைய தொடர்புகள் அறுந்தன, வாணிகம் சுருங்கியது. சீமியினர் குடும்பம் குடும்பமாக ரோட்ஸுக்கும், ஏதென்ஸின் துறையான பிரேயசுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தனர். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து டார்பன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊருக்குச் சென்று அங்கும் கடற்பஞ்சே எடுத்தவர் பலர். பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. அதில் வீடுகள் பல இடிந்தன. 1945-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் இப்பன்னிரு தீவுகளில் இருந்த ஜெர்மானியப் படையின் தலைவர் சீமித் துறையருகே உள்ள ஒரு வீட்டில் அமர்ந்து சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 1948-இல் தீவுகள் முறைப்படி கிரேக்க நாட்டோடு இணைந்தன. அதற்குள் செயற்கைப் பஞ்சு கடைகளுக்கு வந்துவிட்டது. 1980-களில் நடுநிலக்கடலின் பஞ்சுகளை ஒரு நோய் தாக்கி, எஞ்சியிருந்த தொழிலையும் நலிவித்தது. கூரை விழுந்த மாடங்களுக்குள் அத்திமரம் முளைத்தது.

அத்தகைய ஊருக்குத்தான் விடுமுறை விருந்தினர் வரலாயினர். 1970-களில் வரத் தொடங்கியோர் சிலர், இடிந்த வீடுகளின் அழகைக் கண்டு அவற்றை விலைக்கு வாங்கிப் புதுக்கினர். பழைய அமைப்பை மாற்றாமல், உயர்மாடி எழுப்பாமல், முக்கோண முகப்போடே வீடுகளைக் கட்டுதல் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். வறுமை காத்த ஊரைச் சட்டம் தொடர்ந்து காக்கிறது எனலாம். செல்வம் இடையறாது இருந்திருப்பின் பழைய வீடுகளை இடித்து விடுதிகளை எழுப்பியிருப்பர்.

இன்று கோடையில் நாள்தோறும் முற்பகலில் கப்பல்கள் வந்து சேரும், பிற்பகலில் மீண்டுவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் துறையோரக் கடைகள் நிரம்பி வழியும். கடைக்காரர் பஞ்சு ஒன்றை நீரில் நனைத்துப் பிழிந்து காட்டுவார். குழந்தைகள் தொட்டுப் பார்த்து மகிழும். அப்பஞ்சுகளுட் பல வேற்று நாட்டுக் கடல்களிலிருந்து வருவன என்பதைக் கேட்பவர்க்கு அவர் மறைப்பதில்லை, கேட்பவர் குறைவு. பஞ்சு வாங்கி, பழச்சாறு பருகி, படமெடுத்துக்கொண்டு திரும்புவோர் தாம் சீமியைக் கண்டதாகவே கருதுவர். அவர்கள் கண்டது துறையை, ஊரை அன்று.

ஊரைக் காண விரும்புவோர் தங்குதல் வேண்டும், ஏறுதலும் வேண்டும். துறைப்பகுதிக்கு யாலோஸ் என்றும், குன்றின்மேல் உள்ள பழைய ஊருக்கு ஹோரியோ என்றும் பெயர். கடற்கொள்ளையர்க்கு அஞ்சி மக்கள் மேட்டில் குடியேறிய காலத்தது அது. இரண்டையும் இணைப்பது காலி ஸ்திராத்தா என்னும் அகன்ற படிவழி. 'நல்ல தெரு' என்பது அப்பெயரின் பொருள். ஏறக்குறைய 500 படிகளை வெயிலில் ஏறுபவர்க்கு அப்பெயரின் பொருத்தம் மேலே சென்று சேர்ந்த பின்னரே விளங்கும். படிகளின் இருபுறமும் வணிகர்தம் பழைய மாடங்கள். சிலவற்றில் திரைச்சீலை அசையும், சிலவற்றில் சாளரத்தின் வழியே வானம் தெரியும்.

பிற்பகலில் ஊர் முழுதும் கதவடைத்து உறங்கும். வெயில் தணிந்தபின் முதியோர் வாயிலில் நாற்காலியிட்டு அமர்வர். துறையோரம் குடும்பத்தோடு உலாவுதல் மாலை வழக்கம். சீமிக்கே உரிய சிற்றிறாலைத் தலையும் ஓடும் களையாமல் முழுதாகப் பொரித்து உண்பர். காலையில் சிறுபடகேறி மரத்துண்டா, நானூ முதலிய ஒதுக்கமான கடற்கரைகளுக்குச் சென்று நீந்தி மீளலாம். சாலை வசதி குறைந்த தீவாதலின் படகே அங்கு வண்டி. நீரோ கண்ணாடி, எட்டு முழ ஆழத்திற் கிடக்கும் கூழாங்கல்லையும் எண்ணலாம்.

கடல்நீர் இத்துணை மிகுந்த தீவில் குடிநீர் அரிது. மழை பெய்வது குளிர்காலத்தில் மட்டுமே. அந்நீர் கூரையிலிருந்து வழிந்து வீட்டின் அடியிலுள்ள தொட்டியிற் சேரும்படி முன்னோர் கட்டினர். தொட்டி நீர் அடுத்த மழைவரை வருதல் வேண்டும் என்பது அவ்வீட்டின் சட்டம். விருந்தினர் மிகுந்தபின் அது போதவில்லை. நெடுங்காலம் கப்பலில் நீர் கொணர்ந்தனர். பின்னர்க் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையையும் அமைத்தனர். விருந்தினர் மிகுதியாக வரும் மாதங்களும் வானம் ஒருதுளியும் தாராத மாதங்களும் ஒன்றாகவே அமைந்தமை சீமியின் இடர். தொட்டியில் கயிறு விட்டு நீரின் அளவு பார்த்து வளர்ந்த மூதாட்டிக்கும், குழாயைத் திறந்துவிட்டு மறந்து செல்லும் விடுமுறையாளர்க்கும் நீர் என்னும் சொல் ஒரே பொருளைத் தருமோ?

வெயிலையும் விளையாட்டாகக் கருதுதல் ஆகாது. கற்குன்றுகள் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு மாலையில் உமிழும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மக்கட்கு மருத்துவ அறிவு புகட்டிப் பிரிட்டானியத் தொலைக்காட்சியில் புகழ் பெற்ற மைக்கேல் மோஸ்லி என்பவர் விடுமுறைக்கு அங்கு வந்திருந்தார். கடற்கரையிலிருந்து ஒருநாள் நண்பகலில் தனியே நடந்து புறப்பட்டவர் கற்குன்றுகளிடையே வழியில் உயிர் நீத்தார். சில நாள் தேடிய பின்னரே அவர் உடலைக் கண்டனர். அத்தீவு மக்கள் அந்நேரத்தில் வெளியே நடப்பதில்லை.

கிரேக்க மொழியில் 'க்செனோஸ்' என்னும் ஒரு சொல் உண்டு. அயலான் என்பதும் அதன் பொருள். விருந்தினன் என்பதும் அதன் பொருள். தமிழில் விருந்து என்னும் சொற்கும் புதுமை என்பதே பழம்பொருள்; அறிந்த உறவினரைக் குறியாது, புதியராய் வந்தவரையே முன்னோர் விருந்து என்றனர். யவனர் எனத் தமிழ் நூல்கள் கூறும் மக்களின் பெயர், சீமிக்கு வடக்கே அதே கடலின் கிழக்குக் கரையில் இருந்த அயோனியா என்னும் நாட்டின் பெயரிலிருந்து வந்தது. மிளகு தேடித் தென்னாட்டுத் துறைகளுக்கு வந்த யவனரும் ஒருகாலத்தில் இங்கு விருந்தாக இருந்தவரே.

சீமியில் அச்சொல்லின் இரு பொருளும் 2015-ஆம் ஆண்டில் ஒருங்கே விளங்கின. சிரியா முதலிய நாடுகளின் போருக்கு அஞ்சி ஓடிவந்தோர் துருக்கிக் கரையிலிருந்து இரவோடிரவாகச் சிறுபடகுகளில் கடல் கடந்து, அத்தீவில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினர். ஒரே துறையில் ஒரே காலையில் இருவகை அயலார் இருந்தனர்: பணம் கொடுத்துக் கோடையை வாங்க வந்தோர் ஒருபுறம், நனைந்த ஆடையோடு ரோட்ஸுக்கோ ஏதென்ஸுக்கோ செல்லும் கப்பலை எதிர்நோக்கியோர் மற்றொருபுறம். தீவினர் சிலர் உணவும் உடையும் திரட்டித் தந்தனர். விடுமுறைக்கு வந்தோருள்ளும் சிலர் அவர்களோடு சேர்ந்து பணிசெய்தனர். மிகப் பெரிய மனம் எல்லார்க்கும் இருந்தது என்று கூறுதற்கில்லை. வருவாய் கெடுமே என்று முணுமுணுத்தோரும் இருந்தனர். வறியவர்க்கு அவ்வச்சம் எழுவது இயல்பே.

அக்டோபர் முடிவில் கப்பல்கள் குறையும். துறையோரக் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை சாத்தும். ஹோமரின் இலியத்தில் சீமியிலிருந்து போருக்குச் சென்ற நிரேயுஸ் என்னும் அரசனைப் பற்றிய குறிப்பு உண்டு. அக்கில்லஸ் ஒழிந்தோருள் அவனே பேரழகன், ஆனால் அவனைப் பின்தொடர்ந்த கப்பல்கள் மூன்றே. குளிர்காலத்துச் சீமியைக் காண்பவர்க்கு அவ்வரசன் நினைவு வருதல் கூடும்.

நவம்பர் 8-ஆம் நாள் தீவின் தென்மேற்கே உள்ள பனோர்மித்திஸ் மடத்தில் தலைமைத் தேவதூதரான மைக்கேலின் திருவிழா நடைபெறும். கடலோடிகளின் காவலராக அவரைப் போற்றுவர். துன்பத்தில் நேர்ந்துகொண்டோர் அம்மடத்துக்குத் துடைப்பம் கொணர்ந்து வைப்பது வழக்கம். கடலில் எங்கோ எறிந்த புட்டிகள் வேண்டுதற் கடிதத்தோடு மிதந்து வந்து அவ்விரிகுடாவில் ஒதுங்குவதாகச் சொல்லி, அவற்றை அங்குள்ள காட்சிக்கூடத்தில் சேர்த்து வைத்துள்ளனர். அத்திருவிழாவுக்கு வருவோர் வேற்று நாட்டு விடுமுறையாளர் அல்லர். ரோட்ஸிலிருந்தும் ஏதென்ஸிலிருந்தும் வரும் சீமிக் குடும்பத்தினர், பெயர்ந்து சென்றோரின் பேரன் பேர்த்திகள்.

பின்னர் மழை தொடங்கும். தொட்டிகளில் நீர் விழும் ஓசை வீட்டுக்குள் கேட்கும். முன்னாளில் ஆடவர் மீண்டுவந்து ஊர் நிறைந்த அதே மாதங்களில் இன்று இளைஞர் பலர் வேலை தேடி ரோட்ஸுக்கும் ஏதென்ஸுக்கும் செல்வர். பள்ளிக்கூடம் மட்டும் நடைபெறும். படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுவர். சுவர்களுக்கு மஞ்சளும் நீலமும் தீட்டுவர். விடுதி அறைகளின் கதவைத் திறந்து காற்று வர விடுவர். ஈஸ்டர் பெருநாள் வரும். அது கழிந்த சில நாள்களில், பஞ்சுப் படகுகள் புறப்பட்டுச் சென்ற அதே பருவத்தில், ரோட்ஸிலிருந்து வரும் கப்பல் ஒன்று காலைப்பொழுதில் முனையைச் சுற்றித் திரும்பும். அதிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டுவதற்குத் துறையில் இருவர் நின்றுகொண்டிருப்பர்.